சாம்பல் புள்ளி

இங்கே இரவு ஏழு. அங்கே காலை எட்டரை.
கல்லடிப் பாலத்தடியில், மாரி மழைக்கு
ஓட்டோவின் றெக்சீன் திரையை இழுத்துக் கட்டிவிட்டு
மொன்றியல் நகரைத் தொடைமேல் விரிக்கிறேன்.
கண்ணாடி கீறிய ஃபோனில் ஒரு நீலப் புள்ளி,
என் மனைவி பூமலர்.

மகளின் பேறு பார்க்கப் போய் இன்றைக்குப் பதினோராம் நாள்.
பிள்ளை நேற்றே பிறந்துவிட்டது.
மருமகன் இரவு வேலையால் இன்னும் வரவில்லை.
சரக்குக் கறியும் சோறும் காவிக்கொண்டு
முதல்முறை தனியே தெருவில் இறங்கியிருக்கிறாள்.

"சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டுகிறவன் நான்.
எந்த ஒழுங்கை எத்தனை மழைக்கு மூழ்கும் என்று
நித்திரையிலும் சொல்வேன், மட்டக்களப்பில்.
மொன்றியலில் கால் வைத்ததில்லை.
பத்து இரவாய் அதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"நேரே போ. மூலையில மருந்துக்கடை.
அதில சோத்தாங்கைப் பக்கம் கிறுகு."

"மருந்துக்கடையக் காணல்ல.
பனிய வழிச்சு ஆளுயரத்துக்குக் குமிச்சு வெச்சிருக்கானுகள்.
றோட்டு எது, நடக்கிற இடம் எது எண்டே தெரியல்ல."

வரைபடத்தில் பனி இல்லை.
வரைபடத்தில் எல்லாத் தெருவும்
சித்திரை மாதத்துத் தெரு.

"ரெண்டு மேசு போட்டும் கால்விரல் செத்துப்போச்சு.
மூச்செடுத்தா மூக்கு மயிர் குத்துது. சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை.
பூச்சியத்துக்குக் கீழே இருபத்திநாலு என்றால் என்ன என்று
நினைத்துப் பார்க்கிறேன்.
மீன் லொறியின் ஐஸ் பெட்டிக்குள்
ஒருமுறை முழங்கைவரை கைவிட்டது;
அதோடு நின்றுவிடுகிறது என் குளிர்.

சுரங்க ரயில். நீலக் கோடு. ஐந்தாவது நிறுத்தம்.
நான் படித்துவைத்த பெயர் ஒன்றும்
ஒலிபெருக்கி சொல்லும் பெயராக இல்லையாம்.
"பேர விடு, எண்ணு" என்றேன்.
எண்ணினாள். இறங்கினாள். மேலே வந்தாள்.
காதுக்குள் காற்று இரைந்தது.
"இனி?"
"இனி இடக்கைப் பக்கம்..."

குளிர் ஃபோனின் உயிரையும் குடிக்கும் என்று
எனக்கு எவரும் சொல்லவில்லை.
புள்ளி சாம்பலாகியது,
பெயர் தெரியாத ஒரு மூலையில்.

அந்த நேரம் பார்த்துப் பையும் குடையுமாய் ஒருவர்.
"ரயிலடிக்கு. கெதியா. கொழும்பு ரயிலுக்கு."
ஏற்றினேன்.
பாலத்தில் வாவியும் வானமும் ஒரே கறுப்பு.
ஹாண்டிலில் கொழுவிய ஃபோனில் பாதிக் கண்.
ஏழு நிமிடங்களுக்கு முன் என்றது.
எட்டு என்றது.
பன்னிரண்டு என்றபோது பின்னாலிருந்து குரல்:
"அண்ணன், அரசடி தாண்டிட்டீங்க."

கண்ணை மூடிக்கொண்டு கிறுகுகிற சந்தி அது.
முழங்கால் வெள்ளத்துக்குள் வண்டியைத் திருப்பினேன்.
அரைவாசிக் காசுதான் வாங்கினேன்.
அவர் மிச்சம் கேட்காமலே ஓடினார்.

ரயிலடி வாசலில் மகளின் நம்பர் மினுங்கியது.

"வந்திட்டன்."

"எப்பிடிகா?"

"முன்னால ஒரு மனுசி போனா. என்ன நாடோ.
மூடி போட்ட சட்டி ஒண்டு, துவாயால சுத்தி
நெஞ்சோட அணைச்சபடி.
இந்தக் குளிருக்குள்ள சட்டியோட போறவ
ஆசுப்பத்திரிக்கில்லாம வேற எங்க போவா?
பின்னாலயே போனன்.
லிஃப்ட்டுக்குள்ள நான் அமத்த நெனச்ச மாடியத்தான்
அவவும் அமத்தினா."

"கறி ஆறிட்டா?"

"ஆறித்தான். மகள் தின்னுறாள்.
நீங்க சாப்பிட்டீங்களா?"

பேரனின் அழுகை ஒருகணம் கேட்டது.
பிறகு இரைச்சல், பிறகு ஒன்றுமில்லை.

பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு
வரைபடத்தைத் திரும்பவும் திறந்தேன்.
அவள் உள்ளே, சூட்டில் இருக்கிறாள்.
புள்ளி மட்டும் அதே மூலையில்,
இடக்கைப் பக்கம் என்ற பிறகு
நான் சொல்லாமல் விட்ட மிச்ச வழிக்கு
பனியில் காத்துக்கொண்டு நிற்கிறது.